‘பேய் ஆஸ்பத்திரி’ குன்றில் ஒரு பகல்!

பேய்ப் படக்காரர்களுக்கு இரண்டே இடங்கள் போதும். ஒன்று, பாழடைந்த பங்களா. இன்னொன்று, மூடிக்கிடக்கும் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் வேலை இன்னும் சுலபம். நீளமான வராந்தா, துருப்பிடித்த கட்டில், ஓரமாக ஒரு சக்கர நாற்காலி, விட்டு விட்டு எரியும் ட்யூப்லைட். மீதியை நம் மனசே பார்த்துக்கொள்ளும்.

பெரும்பாலான படங்களில் அந்த ஆஸ்பத்திரி வெறும் செட்டாக இருக்கும். 2001-ல் வந்த ‘செஷன் 9’ என்ற அமெரிக்கப் படத்துக்கு அந்தச் செலவு வைக்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டான்வர்ஸ் என்ற ஊரில், உண்மையிலேயே மூடிக்கிடந்த ஓர் அரசு மனநல மருத்துவமனைக்குள் போய்ப் படம் எடுத்தார்கள். பாஸ்டனிலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தக் குன்றுக்கு ஒரு நாள் போய்வந்தேன்.

படத்தைப் போட்டுக் காட்டியதே பேரன்தான். அங்கே பத்தாம் வகுப்புப் படிக்கிறான்.

“தாத்தா, இதுல ரத்தம் கம்மி. ஆனா தூக்கம் வராது. பரவாயில்லையா?”

“இந்த வயசுல அது இல்லாமலே தூக்கம் வர்றதில்லடா. போடு” என்றேன்.

கதை ரொம்பச் சின்னது. பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸை அகற்ற டெண்டர் விடுகிறார்கள். கார்டன் என்ற காண்ட்ராக்டர், ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து வேலையைப் பிடிக்கிறார். வாரக்கணக்கில் இழுக்கக்கூடிய வேலை அது. வீட்டில் கைக்குழந்தை, கையில் காசில்லை, தொழிலும் படுத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அந்த அவசரம். ஐந்து பேர் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே இறங்குகிறார்கள். அதில் ஒருவர் கண்ணில், மேரி ஹாப்ஸ் என்ற பழைய நோயாளியோடு டாக்டர் பேசிய ஒன்பது டேப்புகள் படுகின்றன. வேலையை விட்டுவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க ஆரம்பிக்கிறார். மேரிக்குள் இளவரசி, பில்லி, சைமன் என்று பல குரல்கள். சைமன் மட்டும் பேச வரமாட்டேன் என்கிறான். ஒன்பதாவது டேப்பில் வருகிறான்.

அதற்கு மேல் சொன்னால் பேரன் சண்டைக்கு வருவான். சைமன் பேயா, நோயா, அல்லது கடன்காரன் ஒருவனின் மனசுக்குள் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்றா என்பதைப் படம் கடைசி வரை நம் தலையிலேயே கட்டிவிடுகிறது.

பிராட் ஆண்டர்சன் இயக்கிய படம். டேவிட் கரூசோ, பீட்டர் முல்லன் நடித்தது. சுமார் 15 லட்சம் டாலரில் முடித்துவிட்டார்கள். ஹாலிவுட் கணக்கில் அது டீச் செலவு. பயமுறுத்துவதற்கென்று கணினி வித்தை எதுவும் கிடையாது. வெயில் நேரத்துக் காட்சிகளே அதிகம். இருட்டைக் கண்டால் நடுங்கும் இளைஞன் ஒருவன், சுரங்கப்பாதையில் ஓடுவான். அவனுக்குப் பின்னால் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வரும். அவ்வளவுதான் காட்சி. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

என்னைக் கேட்டால் ஆஸ்பெஸ்டாஸ் என்ற விஷயத்தை எடுத்துக்கொண்டதுதான் படத்தின் சாமர்த்தியம். கண்ணுக்குத் தெரியாத இழை மூச்சோடு உள்ளே போகும். இருபது, முப்பது வருஷம் கழித்து நுரையீரலைச் சுற்றிப் புற்றாக வந்து நிற்கும். பேய்க்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

படம் முடிந்ததும் பேரன் சொன்னான், “தாத்தா, இந்த இடம் இங்கேருந்து ஒரு மணி நேரம்கூட இல்ல.”

ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டோம். அவன் அப்பா காரை ஓட்டினார்.

சூனியக்காரிகளின் ஊர்

டான்வர்ஸுக்கு முன்னால் சேலம் வருகிறது. நம்ம சேலம் இல்லை. பைபிளில் வரும் பெயரை எடுத்து வைத்துக்கொண்ட சேலம். 1692-ல் இங்கேதான் சூனியம் வைத்ததாகக் குற்றம்சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். வாக்குமூலம் தர மறுத்த ஒரு முதியவரைக் கிடத்தி, மேலே கல் அடுக்கியே கொன்றார்கள். சிறையிலேயே செத்தவர்கள் தனி. நான்கைந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக்கூட விலங்கு மாட்டி அடைத்து வைத்திருந்தார்கள்.

இன்றைக்கு அதே ஊரில் போலீஸ் காரின் சின்னத்தில் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி இருக்கிறாள். அக்டோபரில் தெருவில் கால் வைக்க இடம் இருக்காதாம். கூர்த்தொப்பி விற்காத கடையே இல்லை. பேரன் ஒரு தொப்பியை என் தலையில் வைத்துப் படமெடுத்து, அவன் பாட்டிக்கு அனுப்பிவிட்டான். “கச்சிதமா இருக்கு” என்று பதில் வந்தது.

ஆனால் அந்தக் கதை தொடங்கிய இடம் இந்தச் சேலம் இல்லை. அன்று ‘சேலம் கிராமம்’ என்று அழைக்கப்பட்ட பகுதிதான் 1752-ல் தனியாகப் பிரிந்து டான்வர்ஸ் ஆனது. குற்றம்சாட்டிய குழந்தைகள், பாதிரியார் வீடு, முதல் விசாரணைகள் எல்லாம் அங்கேதான். அங்கே துடைப்பமும் இல்லை, தொப்பியும் இல்லை. புல்வெளி, தேவாலயம், மரவீடுகள் என்று சாதாரண அமெரிக்கச் சிற்றூர்.

அங்கே ரெபெக்கா நர்ஸ் என்ற பாட்டியின் பண்ணை வீட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். (நர்ஸ் என்பது குடும்பப் பெயர். ஆஸ்பத்திரிக் கதைக்குப் பொருத்தமாக நான் வைத்ததில்லை!) எழுபத்தொரு வயது. காது சரியாகக் கேட்காது. முதலில் ஜூரிகள் இவரைக் குற்றமற்றவர் என்றுதான் சொன்னார்கள். நீதிபதிகள் மறுபடி யோசிக்கச் சொல்லி அனுப்ப, தீர்ப்பு மாறியது. 1692 ஜூலை 19 அன்று தூக்கு. சூனியக்காரிக்குக் கல்லறை கிடையாது என்பதால் உடலை மண்ணைத் தள்ளி அப்படியே விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் இரவோடு இரவாக வந்து எடுத்துப்போய், இந்தப் பண்ணையில் அடையாளமில்லாமல் புதைத்தார்கள் என்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் செய்தி. அவர் பெயரில் நினைவுத்தூண் நட்டது 1885-ல். கிட்டத்தட்ட இருநூறு வருஷம் கழித்து.

அந்த வழக்குகளை விசாரித்தவர்களில் ஒருவர் ஜான் ஹேதார்ன். ‘நீ சூனியக்காரி இல்லையென்றால், ஏன் இந்தக் குழந்தைகள் துடிக்கிறார்கள்?’ என்கிற தோரணையில் கேள்வி கேட்டவர். எழுத்தாளர் நத்தேனியல் ஹாதார்ன் இவர் வழிவந்தவர்தான். அவர் தன் பெயரின் எழுத்தில் ஒன்றைக் கூட்டி எழுதிக்கொண்டார். நாங்கள் அடுத்துப் போன குன்றின் பெயர், ஹேதார்ன் குன்று.

சூனிய நீதிபதியின் குன்றில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி! ஒரு கதாசிரியர் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் ‘கொஞ்சம் ஓவர் சார்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் டான்வர்ஸ் ஆஸ்பத்திரியைத் தன் கதைகளில் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார். அவர் உருவாக்கிய கற்பனை ஊர் ஆர்க்கம். அந்தப் பெயரைத்தான் பேட்மேன் கதைகளில் ஜோக்கரை அடைத்து வைக்கும் ‘ஆர்க்கம் அசைலம்’ எடுத்துக்கொண்டது. ஜோக்கர் என்றதும் பேரனுக்குக் குன்றின் மேல் மரியாதை கூடிவிட்டது.

இரக்கத்தில் கட்டியது

இந்த ஆஸ்பத்திரியின் கதையை நான் ஆரம்பிப்பதாக இருந்தால் சூனியத்தில் ஆரம்பிக்க மாட்டேன். டோரதியா டிக்ஸ் என்ற பள்ளி ஆசிரியையிடம் ஆரம்பிப்பேன்.

1841-ல் பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு சிறையில் பெண் கைதிகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடம் எடுக்கப் போனார் டிக்ஸ். அங்கே மனநோயாளிகளையும் குற்றவாளிகளோடு அடைத்திருந்தார்கள். பனிக்காலத்தில் குளிர்காயக் கணப்புகூட இல்லை. கேட்டதற்கு, ‘இவர்களுக்குக் குளிர் தெரியாது’ என்ற மாதிரி பதில். டிக்ஸ் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாநிலம் முழுக்கச் சிறைகள், தர்மசாலைகள், நிலவறைகள், தொழுவங்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி, 1843-ல் சட்டமன்றத்துக்கு ஒரு மனுவாகக் கொடுத்தார்.

அந்த மனுவில் டான்வர்ஸ் வருகிறது. இந்த ஊர் தர்மசாலையில் ஓர் இளம்பெண்ணைக் கூண்டு மாதிரியான அறையில் அடைத்திருந்தார்கள். அழுக்குக்கு நடுவில், கம்பியைப் பிடித்து உலுக்கியபடி, தன் தோலைத் தானே கிழித்துக்கொண்டிருந்தாள் அவள். எந்தப் பேய்ப் படத்திலும் இல்லாத காட்சி. அந்தப் பெண்ணின் பெயர் மனுவில் இல்லை.

டிக்ஸ் போன்றவர்கள் கொடுத்த அழுத்தத்தில்தான் அமெரிக்கா முழுக்க அரசு மனநல மருத்துவமனைகள் எழும்பின. அவற்றுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் பிலடெல்ஃபியா டாக்டர் தாமஸ் கர்க்பிரைட். மனநோயாளிக்கு முதல் மருந்து கட்டடம்தான் என்று நம்பியவர் அவர். ஊருக்கு வெளியே மேட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் வெளிச்சமும் காற்றும் வர வேண்டும். ஜன்னலைத் திறந்தால் வயலும் மரமும் தெரிய வேண்டும். சுற்றிலும் தோட்டம், பண்ணை, செய்வதற்கு வேலை. 250 நோயாளிகளுக்கு மேல் ஒரு இடத்தில் சேர்க்கவே கூடாது.

அந்த முறையில் கட்டிய டான்வர்ஸ் மருத்துவமனை 1878-ல் திறக்கப்பட்டது. சிவப்புச் செங்கல். நடுவில் கோபுரத்தோடு நிர்வாகக் கட்டடம். அதன் இரு பக்கமும் பக்கத்துக்கு நான்காக, ஒன்றுக்குப் பின் ஒன்று தள்ளித் தள்ளி நிற்கும் வார்டுகள். மேலிருந்து பார்த்தால் சிறகு விரித்த வவ்வால் மாதிரி இருக்கும் என்பார்கள். இப்படித் தள்ளிக் கட்டியதே ஒவ்வொரு வார்டுக்கும் வெயில் விழ வேண்டும் என்பதற்காகத்தான். பிற்காலத்தில் அந்த வவ்வால் சிறகைக் காட்டியே ஜனங்களைப் பயமுறுத்தினார்கள். வெளிச்சத்துக்காகப் போட்ட வரைபடம் இருட்டுக்கு அடையாளமாகிவிட்டது!

ஆரம்ப வருஷங்கள் மோசமில்லை. செவிலியர் பயிற்சிப் பள்ளி 1889-ல் வந்தது. ஆராய்ச்சிக் கூடம் வந்தது. 1890-களில் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சார்லஸ் பேஜ், நோயாளிகளைக் கட்டிப்போடுவது தேவையில்லாதது, கெடுதலானது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

பிறகு கூட்டம் வந்தது. சுமார் 500 பேருக்காகக் கட்டிய இடத்தில் 1930-களின் இறுதியில் 2,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். மனநோயாளிகள் மட்டுமா? வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத முதியவர்கள், குடிகாரர்கள், மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று சமூகம் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தவர்கள் எல்லோரும். ஆட்கள் கூடிய அளவுக்குப் பணமும் பணியாளர்களும் கூடவில்லை. கூடாதது எதுவோ அதன் இடத்தை இறுக்கக் கட்டும் சட்டையும், மின் அதிர்ச்சியும், மூளை அறுவையும் பிடித்துக்கொண்டன. ஒரு செவிலியர் எத்தனை பேருக்கு ஆறுதல் சொல்ல முடியும்? கட்டிப்போட்டால் ஒருத்தரே ஒரு வார்டைப் பார்த்துக்கொள்ளலாம். நான் படித்த வரையில் இங்கே நடந்த கொடுமைகளுக்கு ஒரு கொடூர டாக்டரைத் தேட வேண்டியதில்லை. பட்ஜெட்டைப் பார்த்தாலே போதும்.

இணையத்தில் ‘மூளை அறுவை பிறந்த இடமே டான்வர்ஸ்தான்’ என்று பலரும் எழுதுகிறார்கள். தவறு. முன்மூளையை அறுக்கும் அந்தச் சிகிச்சையை 1935-ல் லிஸ்பனில் ஆரம்பித்து வைத்தவர் போர்ச்சுக்கீசிய டாக்டர் எகாஸ் மோனிஸ். அதற்கு 1949-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அமெரிக்காவில் அது 1936-ல் வாஷிங்டனில் தொடங்கியது. அதே வாஷிங்டன் டாக்டர்களிடம்தான் 1941-ல் 23 வயது ரோஸ்மேரி கென்னடியை அழைத்துப்போனார் அவர் அப்பா. அதன் பிறகு அந்தப் பெண்ணுக்குச் சரியாகப் பேசவும் நடக்கவும் முடியாமல் போனது. அவர் அண்ணன் ஜான் கென்னடி ஜனாதிபதியானதும், 1963-ல், பெரிய மனநல ஆஸ்பத்திரிகளுக்குப் பதிலாக ஊருக்குள்ளேயே சிகிச்சை மையங்கள் அமைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்குள் மனநோய்க்கு மாத்திரைகளும் வந்துவிட்டிருந்தன.

டான்வர்ஸ் வார்டு வார்டாகக் காலியானது. 1992-ல் மொத்தமாகப் பூட்டினார்கள். வெளியே போனவர்களுக்குச் சட்டம் சொன்ன மையங்கள் போதுமான அளவில் வரவேயில்லை. அமெரிக்க நகரங்களின் நடைபாதைகளில் தனியாகப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது அது ஞாபகம் வரும்.

அதே 1992-ல்தான், 300 வருஷம் ஆனதையொட்டி, சூனிய வழக்கில் செத்தவர்களுக்குச் சேலத்திலும் டான்வர்ஸிலும் நினைவிடம் எழுப்பினார்கள். ஊரின் ஒரு பக்கத்தில் 1692-ல் செத்தவர்களின் பெயர்களைக் கல்லில் செதுக்கிக்கொண்டிருந்தபோது, குன்றின் மேல் ஆஸ்பத்திரியைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அங்கே குடியிருப்பு

பூட்டிய கட்டடத்துக்குள் அடுத்த பத்து வருஷம் சாகசக்காரர்கள் டார்ச் அடித்துக்கொண்டு திரிந்தார்கள். பேய்க்கதைகள் அந்தக் காலத்தில் பிறந்தவைதான். ‘செஷன் 9’ குழு உள்ளே போனதும் அப்போதுதான். தரை இற்றுப்போயிருந்ததால் மொத்தக் கட்டடத்தில் ஒரு சிறு பகுதியில்தான் படமெடுக்க முடிந்தது. உரிந்த பெயின்ட், சுவரில் ஒட்டியிருந்த படங்கள் என்று நாம் திரையில் பார்ப்பதில் பெரும்பகுதி அங்கே கிடந்தபடியே எடுத்தது.

2005-ல் மாநில அரசு இடத்தை ஒரு குடியிருப்பு நிறுவனத்துக்கு விற்றது. பழமையைக் காக்க வேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். 2006-ல் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். நடுக்கட்டடமும் அதை ஒட்டிய இரண்டு சிறகுகளும் மட்டும், அதுவும் வெளிச்சுவர் மட்டும், மிஞ்சியது. உள்ளே எல்லாம் புதுசு. 2007 ஏப்ரலில் கட்டிக்கொண்டிருந்த கட்டடங்களில் பெரிய தீ விபத்து. பாஸ்டன் வரை தீ தெரிந்ததாம். பேய் நம்பிக்கையாளர்களுக்கு அது போதாதா?

நாங்கள் மேலே ஏறியபோது மணி மூன்று இருக்கும். எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. படத்தில் பார்த்த அதே செங்கல் முகப்பு, அதே கூர்மையான கூரைகள். ஆனால் ஜன்னல்களில் வெள்ளைத் திரை. வாசலில் வரிசையாகக் கார்கள். ஒரு பெண் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நாயை நடத்திக்கொண்டு போனார். இன்னொருவர் கார் டிக்கியிலிருந்து மளிகைப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தார். குடியிருப்பு வளாகம் என்பதால் கட்டடத்துக்குள் நாம் போக முடியாது, போகவும் கூடாது. வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

“இங்க வீடு எடுக்கறவங்களுக்குப் பயமா இருக்காதா?” என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

“இங்க வாடகையைக் கேட்டா அதைவிடப் பயமா இருக்கும் மாமா” என்றார்.

குன்றின் மேலிருந்து சுற்றிலும் பார்த்தால் மரங்கள்தான். கர்க்பிரைட் டாக்டர் சொன்ன காற்று இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. வருஷக்கணக்காக இதே ஜன்னலிலிருந்து இதே மரங்களைப் பார்த்தவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு அங்கே நின்றால் வராமல் இருக்காது. படத்தில் எனக்கிருந்த ஒரே குறையும் இதுதான். மேரி ஹாப்ஸ் கற்பனைப் பாத்திரம். அவளைத் தவிர நோயாளிகளே படத்தில் கண்ணில் படமாட்டார்கள். அவளும் வெறும் குரல்தான். ஆஸ்பத்திரிப் பேய்ப் படங்கள் எல்லாவற்றிலும் நோயாளிதான் பேய். அவர் எப்போது வந்தார், என்ன சாப்பிட்டார், யாராவது பார்க்க வந்தார்களா, எப்படிச் செத்தார் என்றெல்லாம் அதில் வராது.

செத்தவர்களுக்குத் தனி இடம் இருந்தது. கட்டடத்துக்குக் கீழே, மரங்களுக்கு அந்தப் பக்கம்.

எண்கள்

யாரும் கேட்டு வராத உடல்களை ஆஸ்பத்திரியே புதைத்தது. அப்படிப் புதைக்கப்பட்டவர்கள் 700-க்கும் மேல். ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு சிறு கல். அதில் பெயர் இல்லை, தேதி இல்லை. ஓர் எண் மட்டும். மனநோயாளி என்று பெயர் வெளியே தெரிந்தால் குடும்பத்துக்கு அவமானம் என்பது அன்றைய நியாயம். ஆஸ்பத்திரி பாழானபோது இதுவும் புதர் மண்டிப்போனது. ஆவியைத் தேடி டார்ச்சோடு சுற்றியவர்கள் பலர் இந்தக் கற்களைத் தாண்டித்தான் போயிருப்பார்கள்.

1990-களின் பிற்பகுதியில் இதைச் சரிசெய்யக் கிளம்பியவர்கள் யார் தெரியுமா? அரசாங்கம் இல்லை. இந்த மாதிரி ஆஸ்பத்திரிகளில் ஒரு காலத்தில் தாங்களே நோயாளிகளாக இருந்தவர்கள். புதரை வெட்டினார்கள். மாநில அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றார்கள். பழைய பதிவேடுகளைத் தேடி, எந்த எண் யார் என்று ஒவ்வொன்றாகப் பெயர் கண்டுபிடித்தார்கள். அதன் பலனாகத்தான் இன்று அங்கே பெயர்ப் பலகைகள் இருக்கின்றன. நுழையும் இடத்தில் ஒரு பெரிய பாறை. அவர்கள் விட்டுச்சென்ற எதிரொலிகள் என்று பொருள்படும் வாசகம் அதில்.

இந்த வேலை டான்வர்ஸோடு நிற்கவில்லை. பாஸ்டனுக்கு மேற்கே வால்தம் என்ற ஊரில், இன்னும் இரண்டு அரசு விடுதிகளின் பொதுக் கல்லறை இருக்கிறது. 1947-லிருந்து 1979 வரை சுமார் 300 பேரைப் புதைத்த இடம். அங்கே கல்லில் எண்ணோடு ஓர் எழுத்தும் உண்டு: கத்தோலிக்கரா, புராட்டஸ்டன்ட்டா என்பதற்கு. மனிதனுக்குப் பெயர் வேண்டாம், மதம் மட்டும் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்! அந்த ஊர் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் மாணவர்கள், கிடைத்த ஆவணங்களை வைத்து, அங்கே புதைக்கப்பட்டவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதினார்கள். வீட்டுப்பாடமாக ஆரம்பித்தது. பேரன் வயசுப் பிள்ளைகள். இதைச் சொன்னபோது அவன் பதில் பேசவில்லை; செல்போனில் அதைத் தேடிப் படித்துக்கொண்டே நடந்தான்.

சூனிய வழக்கிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு உண்டு. தண்டிக்கப்பட்டவர்களில் எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயரை மட்டும் குற்றமற்றவர் பட்டியலில் சேர்க்காமலே விட்டிருந்தார்கள். பக்கத்து ஊர் எட்டாம் வகுப்பு மாணவர்களும் அவர்கள் ஆசிரியையும் விடாமல் மனுப் போட்டு, 2022-ல் அதைச் செய்ய வைத்தார்கள். 329 வருஷம்.

கல்லறைக்குப் போகும் பாதையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பயமாக இருந்ததா என்று பிற்பாடு மகள் கேட்டாள். துளியும் இல்லை. ஒரு பழைய பள்ளிக்கூட மைதானம் மாதிரி அமைதியாக இருந்தது. பேரன் குனிந்து குனிந்து எண்களைப் படித்துக்கொண்டே போனான். ‘செஷன் 9’ பார்த்த இரவு அவன் அறையில் விளக்கு அணையவேயில்லை என்று அவன் அம்மா சொல்லியிருந்தாள். இங்கே முன்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்டன் நார்த் ஸ்டேஷனிலிருந்து சேலம் வரை ரயில் உண்டு. அரை மணி நேரம்தான். அங்கிருந்து டான்வர்ஸுக்குக் கார் வேண்டும். அக்டோபரைத் தவிர்த்துவிடுங்கள். படத்தைப் பத்து வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் காட்ட வேண்டாம். கெட்ட வார்த்தைகளும் நிறைய. குன்றின் மேல் அரை மணி நேரம் போதும். கீழே இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு அதிக நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் நிறைய இருக்கின்றன.

நாங்கள் பாதி படிப்பதற்குள் இருட்டிவிட்டது. பேரன் செல்போன் டார்ச்சைப் போட்டான்.

“தாத்தா, இன்னும் ஒரு பலகை இருக்கு. முடிச்சிட்டுப் போலாம்.”

“படி, கேக்கறேன்” என்றேன். அவன் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான்.